பின்குடிலில் வெள்ளை அடிக்கக் கூடாது

மார்ச் 4, ஞாயிறு

இன்று ஒருவன் மூக்கை உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. ரத்தம் மட்டும் வந்தது.

பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள் உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டைக் கட்டிய அதே மேஸ்திரி, அதே 1911-இல் கட்டிய கிராஃப்ட்ஸ்மேன் பாணி மரவேலை வீடு அது. சாப்பாட்டு அறைச் சுவரோடு சுவராகச் செய்த அலமாரி, அதற்கு ஈயப்பட்டை வைத்த கண்ணாடிக் கதவுகள். ஒருவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சம்மட்டியால் அதைச் சாத்திக்கொண்டிருந்தான். என் ஜன்னலிலிருந்து கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. வேலியைத் தாண்டிப் போய்ச் சம்மட்டிக் காம்பைப் பிடித்தேன். அவன் இழுத்தான், நான் இழுத்தேன், என் முழங்கை அவன் மூக்கில் பட்டது.

பட்டதாவது. இது என் நாட்குறிப்பு, இதிலும் பொய்யா? அடித்தேன்.

“பைத்தியமா நீ? கிழவியாச்சேன்னு பாக்குறேன்!”

“பாக்காதே. வா.”

அவன் முதலாளி வந்தான். “மேடம், இது எங்க வீடு. உடைப்போம், கொளுத்துவோம், உங்களுக்கென்ன?” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் இன்னும் எரிச்சல். குப்பைத் தொட்டிக்குள் இறங்கி இரண்டு கண்ணாடிக் கதவை மீட்டேன். உள்ளங்கை கிழிந்தது.

என் புருஷன் ரஸ் கட்டுப் போட்டுவிட்டான். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, லின்.”

“உனக்குத்தான் ஆத்திரமே வராதே. உன் புத்தி எங்கே போச்சு?”

சிரித்தான். முப்பத்தைந்து வருஷமாக இந்த மனுஷனோடு சண்டை போட முயல்கிறேன், சண்டைக்கு வருவதே இல்லை.

நாங்கள் வாங்கும்போது இந்த வீட்டுக்குள்ளும் எல்லாம் வெள்ளை. நூறு வருஷத்து மரத்துக்கு எவனோ மகாபாவி வெள்ளைச் சாயம் அடித்து, அதன்மேல் இன்னொருவன் அடித்து, அதன்மேல் வேறொருவன். சூடு ஊதி, சுரண்டி, ஏழு வருஷம். ரஸ் ஓய்வுபெற்ற பல் டாக்டர். செதுக்கு இடுக்குகளில் இருந்த சாயத்தைப் பல் குத்தும் ஊசிகளால் எடுத்தான். வீடு முடிந்தபின் பின்வாசல் குடில்கள் இரண்டு. எலுமிச்சை மரத்தடியில் முன்குடில், சந்துக் கதவை ஒட்டிப் பின்குடில். இப்போது விருந்தாளிகள் வந்து தங்கிப் போகிறார்கள். இரண்டு குடிலிலும் ஒரு சட்டம் எழுதி மாட்டியிருக்கிறேன்: மரத்தில் ஆணி அடிக்காதே.


மார்ச் 9, வெள்ளி

மழை மூட்டம். அந்த மூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கொரினா. முப்பது வயதிருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. கையில் ஒரு பை, சுருட்டிய போர்வை ஒன்று.

“மேடம், பின்னாடி இருக்கிற குடிலைக் குடுங்க. அது தெருவுலேர்ந்து தெரியாதில்ல?”

“தெரியாது. மேடம்னு கூப்பிடாதே, லினெட். கை என்ன ஆச்சு?”

“படியில விழுந்துட்டேன்.”

“கண்ணுமா படியில விழுந்துச்சு?”

சாவியைக் கொடுத்தேன். கதவுவரை போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள். “என் புருஷன் பேரு ராய்ஸ். யாராவது கேட்டா, நான் இங்க இல்ல.”


மார்ச் 12, திங்கள்

ரஸ் அவள் உடைந்த முன்பல்லைப் பார்த்தான். சமையல் மேஜையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, கூர்முனையைத் தேய்த்து விட்டான். வாயைத் திற என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே அவள் திறந்துவிட்டாள். மற்றவன் என்ன கேட்பான் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறாள்.

பேக்கர்ஸ்ஃபீல்டு ஆள் ராய்ஸ். எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஊரில் நல்ல பேர், சர்ச் விருந்துகளில் நாற்காலி போடுவது அவன்தானாம். வீட்டில், அவள் கையைக் கார்க் கதவில் வைத்துச் சாத்தியிருக்கிறான். அவள் பார்க்க, அவள் வளர்த்த பூனையைக் காலைப் பிடித்துச் சுவரில் அடித்தான். இதையெல்லாம் அவள் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

“அவன் மட்டும் இந்த வாசல்ல கால் வைக்கட்டும், மண்டையைப் பொளந்து எலுமிச்சை மரத்துக்கு எருவாப் போடுறேன்!” என்று மேஜையில் குத்தினேன்.

அவள் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்னிடமிருந்தா? சே, அப்படி இருக்காது.


மார்ச் 17, சனி

அசிங்கமாக நடந்துகொண்டேன்.

கொரினா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “லினெட், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள இந்தப் பலகைக்கெல்லாம் வெள்ளை அடிச்சா வெளிச்சமா இருக்குமில்ல? மூலையெல்லாம் ஒரே இருட்டு. ஒரு ஆள் நின்னாக்கூடத் தெரியாது.”

வெள்ளையாம்! அந்தப் பின்குடிலின் டக்ளஸ் ஃபர் மரப் பலகை ஒவ்வொன்றையும் என் கையால் சுரண்டியிருக்கிறேன். என் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. “அந்த மரத்துக்கு வெள்ளை அடிக்கிறவ கையை வெட்டணும்” என்றுகூட. சொல்லும்போது என் கை தானாக மேலே போயிருக்கிறது. நான் பேசும்போது கை வீசுகிறவள், வேறொன்றும் இல்லை.

அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். மாவுக்கட்டு மேலே, நல்ல கை கீழே. பழகிய உடம்பு.

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல, பரவாயில்ல” என்றாள். எழுந்து நின்றும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் வெள்ளை அடிக்கக் கூடாது.


மார்ச் 21, புதன்

மார்ஜரி வந்தாள். பழைய வீடுகள் சங்கத்தின் தலைவி, முத்துமாலையும் கைத்தடியும். ஏப்ரல் 22 பழைய வீடுகளை ஊரார் சுற்றிப் பார்க்கும் நாள். இந்த வருஷம் எங்கள் வீடும் உண்டு. ஏழு வருஷம் இதற்குத்தானே காத்திருந்தேன்!

“பெரிய வீடு மட்டும் போதாதுடி கண்ணு, குடிலையும் திற. பசடேனா பூரா தேடினாலும் பின்குடில் மாதிரி கெடாம இருக்கிறது ஒண்ணு கிடைக்காது. அந்த ஜன்னலோரப் பெட்டி இருக்கே, அதைப் பாத்தா அவங்கவங்க வயித்தெரிச்சல்ல சாகணும்.”

ஜன்னலடியில் சுவரோடு சேர்ந்த நீளப் பெட்டி. மூடிமேல் உட்காரலாம், உள்ளே போர்வை தலையணை போடலாம். மூடி ஒற்றைப் பலகை ஓக்கு மரம். அதை மினுக்க மட்டும் எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ரஸ் சமையலறைக்கு என்னை இழுத்துப் போனான். “அங்கே அந்தப் பொண்ணு இருக்கா, லின்.”

“அன்னிக்கு ஒரு நாள் சினிமாவுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு வரட்டும். அவ கிட்டயே கேக்குறேன்.”

கேட்டேன். “சரி, பரவாயில்ல” என்றாள். அவளே சம்மதம் சொன்ன பிறகு இவனுக்கு என்ன?


மார்ச் 28, புதன்

சங்கத்திலிருந்து படம் எடுக்க ஆள் வந்தான். பின்குடிலிலிருந்து பிளாஸ்டிக், பல்துலக்கி, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தேன். போர்வையை மட்டும் விட்டேன். கொரினாவின் அம்மா தைத்தது. அப்பாவின் வேலைச் சட்டைகளை வெட்டி, கறுப்பும் சிவப்புமாய் நட்சத்திரங்கள். ஓக்கு மூடிமேல் விரித்ததும் குடிலுக்கே உயிர் வந்துவிட்டது.

“அதையும் எடுத்துடட்டுமா?” என்றாள்.

“இருக்கட்டும், அழகா இருக்கு.”

“சரி.”


ஏப்ரல் 5, வியாழன்

கோர்ட்டுக்கு ரஸ் அழைத்துப் போனான். ராய்ஸ் அவள் பக்கம் வரக் கூடாதென்று உத்தரவு வாங்கியாயிற்று. மாவுக்கட்டையும் வெட்டிவிட்டார்கள், கை மெலிந்து கிடக்கிறது.

போலீஸ்காரி ஒர்டேகா வந்து பூட்டுகளைப் பார்த்தாள். நல்லவள், நெளிவு சுளிவு கிடையாது. “உத்தரவுங்கறது காகிதம்மா. வர்ற அடியைக் காகிதம் தடுக்காது. ஆளைப் பாத்த உடனே எங்களைக் கூப்பிடுங்க. நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.” கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள். ரஸ் ஏதாவது சொல்லி வைத்திருப்பானோ?


ஏப்ரல் 12, வியாழன்

சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதல் படமே என் பின்குடில்! ஜன்னல் வெயில், ஓக்கு, நட்சத்திரப் போர்வை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். கொரினாவுக்கும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.


ஏப்ரல் 16, திங்கள்

மார்ஜரிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் போன் செய்து பின்குடிலைப் பற்றி அத்தனை ஆசையாய்க் கேட்டாராம்: எந்தத் தெரு, உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா. எனக்குக் கால் தரையில் இல்லை.


ஏப்ரல் 22, ஞாயிறு

காலை. கிளிக்கூட்டம் வந்து எலுமிச்சை மரத்தில் ஊரே எழும்படி கத்திவிட்டுப் போனது. தரை புது மெழுகு. காலணியை வாசலில் கழற்றிவிட்டு வரும்படி பலகை வைத்தாயிற்று. எங்கள் சுரண்டி, ஊசி, கடப்பாரை எல்லாவற்றையும் பின்முற்றத்து மேஜையில் அடுக்கியாயிற்று. கொரினா கிளம்பிவிட்டாள். ரஸ் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறான், பாவம்.


ஏப்ரல் 25, புதன்

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் விரல்கள் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. கோணல் மாணலாக வருகிறது. வரட்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பின்குடிலில் நானே நின்றேன். வேறு யாரையும் விடவில்லை, என் குடிலை என்னைவிட யார் காட்டுவார்கள்? கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொரு கும்பலுக்கும் ஓக்கு மூடியைத் தூக்கிக் காட்டி ஒரே வசனம்: “பாருங்க, ஒரு ஆளே படுக்கலாம்!” எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிக் கும்பலில் ஒருவன். வாட்டசாட்டம், வெளுத்த சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதையும் தொடாமல் பார்த்தான். சாம்பல் நிறக் காலுறை, பெருவிரலில் ஓட்டை.

“உள்ள படுத்தா மூச்சு முட்டாதாங்க?” என்றான்.

“முட்டாது. அடிப்பலகையை இடைவெளி விட்டு அடிச்சிருக்கு. காத்து வரும்.”

“ரொம்ப யோசிச்சுக் கட்டியிருக்காங்க.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவனுக்கென்று மறுபடியும் மூடியைத் தூக்கிக் காட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்துக்கொண்டது அடுத்தவள் செலவில்.

மார்ஜரி முன்வாசலிலிருந்து கூப்பிட்டாள், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க. போனேன். குடிலைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

கூட்டம் கலைந்தது. வாசலில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. மார்ஜரி அதைக் கைத்தடியால் தட்டினாள். “யாரோ வெறுங்காலோட வீட்டுக்குப் போயிட்டாங்கடி! உன் தரையைப் பாத்து மயங்கிட்டான் போல!” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். குனிந்து எடுத்தேன், ஓரமாய் வைக்க. முன்னால் இரும்பு வைத்த வேலை பூட்ஸ். தையலெல்லாம் கறுப்பு எண்ணெய் ஊறியிருந்தது.

எண்ணெய்.

ஓட்டைக் காலுறை. இணையத்தில் போர்வைப் படம். மார்ஜரிக்கு வந்த போன். மூச்சு முட்டாதாங்க. பின்னால் சந்தில் கொரினாவின் கார் வந்து நிற்கும் சத்தம்.

“ரஸ், போலீஸைக் கூப்பிடு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். மேஜையிலிருந்து கடப்பாரையை எடுத்தேன். மரச்சட்டம் பெயர்க்கும் சின்னக் கடப்பாரை, ஏழு வருஷம் என் கையில் இருந்தது.

கதவும் பெட்டி மூடியும் திறந்து கிடந்தன. அவள் தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைக் கணப்பு அடுப்பின் செங்கல்லில் மோதிக்கொண்டிருந்தான். மோதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, அதே மரியாதைக் குரலில், “கிளம்பு, வீட்டுக்குப் போலாம்” என்றான். மறுபடி மோதினான். “போர்வையை எடுத்துக்கோ, போலாம்.” அவள் கத்தவே இல்லை. பழைய முறிவுக் கை மறுபடி தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. செங்கல்லில் ஒரு பல்.

தோளில் அடித்தேன். திரும்பிப் பார்த்தான். அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்து ஜன்னல் பக்கம் எறிந்தான். நான் எழுந்திருக்க ஊன்றிய கை பெட்டி விளிம்பில் இருந்தது. மூடியை அதன்மேல் அறைந்தான். ஒற்றைப் பலகை ஓக்கு. என் விரல்கள் உடையும் சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி அறைவதற்கு மூடியைத் தூக்கினான். அப்போது கையை உருவிக்கொண்டேன். கடப்பாரையை இடது கையால் எடுத்து முழங்காலில் போட்டேன். விழுந்தான்.

அங்கே நின்றிருக்க வேண்டும். அவன் கால் போய்விட்டது, எழுந்திருக்க முடியாது, போலீஸ் வண்டி தூரத்தில் கேட்கிறது. நிற்கவில்லை நான்.

“வீடு பாக்க வந்தியா?” ஓர் அடி. “பாரு!” இன்னொன்று. “நல்லா பாரு!” தாடை. “மூச்சு முட்டுதா? இப்ப முட்டுதா?” எனக்கு அது பிடித்திருந்தது. எழுதிவிட்டேன். ஒவ்வொரு அடியும் இனித்தது.

பின்னாலிருந்து ரஸ் என்னைக் கட்டிப் பிடித்தான். “போதும், லின். விழுந்துட்டான். லின், என்னைப் பாரு, போதும்.” பல் பிடுங்க வருகிறவர்களிடம் பேசும் குரல்.

அப்போதுதான் கொரினாவைப் பார்த்தேன். இருட்டு மூலையில் குந்தியிருந்தாள், நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு. வாயிலிருந்து ரத்தம் மடியில் வடிந்தது. அவன் கீழே கிடக்கிறான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஏப்ரல் 27, வெள்ளி

ஒர்டேகா வந்தாள். “அவன் விழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சீங்களா?” என்றாள்.

“அடிச்சேன்.”

எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள். “ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு, அவன் உங்க மேல பாய்ஞ்சுகிட்டே இருந்தான்னு சொல்லுது. டாக்டரும் அதை மறுக்கலை. நீங்க மயக்கத்துல பேசுறீங்கன்னு நினைக்கிறேன்.”

அந்த வாயை வைத்துக்கொண்டு எனக்காகப் பேசியிருக்கிறாள். உதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள்.


மே 6, ஞாயிறு

கொரினா பின்குடிலுக்கே திரும்பி வந்தாள். ஃப்ரெஸ்னோவில் இருக்கும் அக்கா வரச் சொல்லியும் போகவில்லை. அக்கா வீடு ராய்ஸின் தம்பிகளுக்கு நன்றாகத் தெரியுமாம். ரஸ் கஞ்சி கொண்டுபோனான், கதவைத் திறந்தாள். மாலையில் நான் கொண்டுபோனேன்.

“தூங்கப் போறேன், லினெட். அங்கயே வெச்சிருங்க.”

வெயில் இன்னும் இறங்கவே இல்லை.


மே 14, திங்கள்

என்னை ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறாள்? நான் அவளை ஒரு நாளும் தொட்டதில்லையே! அவளுக்காகத்தானே கையை உடைத்துக்கொண்டேன்! ரஸ்ஸிடம் கத்தினேன்.

“இப்ப கத்துறியே, இது அங்க வரைக்கும் கேக்குது” என்றான்.

வாயை மூடினேன்.

“நீ நல்லவதான்னு அவளுக்குத் தெரியும், லின். அவ உடம்புக்கு அது இன்னும் தெரியல. ஓங்கின கையைத்தான் அதுக்குத் தெரியும்.”

மார்ஜரி போன் செய்தாள். ஊரெல்லாம் என் பேச்சுதானாம், வீராங்கனையாம். அடுத்த வருஷமும் வீட்டைத் திறந்தால் கூட்டம் தாங்காதாம். போனைக் கட் செய்தேன். அழுதேன். கோபம் வரும்போது எனக்கு அழுகை வராது. இது கோபம் இல்லை.


மே 19, சனி

பக்கத்து வீட்டுச் சம்மட்டிக்காரன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். கையில் ஒரு கண்ணாடிக் கதவு. “இது ஒண்ணு உடையாம கிடந்துச்சு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். அடிக்காதீங்க.”

“உன் மூக்கு…”

“முன்னைக்கு இப்ப நேரா இருக்கு. என் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கா.”

மன்னிப்புக் கேட்டேன். இதற்கு முன்னால் யாரிடமாவது சண்டைக்குப் பிறகு முழுசாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேனா? ‘ஆனால்’ என்று சேர்க்காமல்? நினைவில்லை.


மே 29, செவ்வாய்

ராய்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பல வருஷம் உள்ளே. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்களாம். அதைச் சொல்லப் பின்குடிலுக்குப் போனேன். கதவருகே போகவில்லை. எலுமிச்சை மரத்தடியில், இரண்டு கையும் வெளியே தெரிய நின்று கூப்பிட்டேன். மெதுவாக. எனக்கு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது.

ஜன்னலைத் திறந்தாள். “நிஜமாவா?”

“நிஜமா.”

ஜன்னலுக்கு வெளியே அந்த ஓக்கு மூடி கிடந்தது. ஒரு கையாலேயே திருகாணியெல்லாம் கழற்றி வெளியே தள்ளியிருக்கிறாள். புல்லில் குப்புறக் கிடந்தது, நான் ஒரு மாதம் மினுக்கிய முகம் மண்ணில். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை இடது கையால் இழுத்துக்கொண்டு போய் விறகுக் கொட்டகையில் போட்டேன்.


ஜூன் 9, சனி

காலையில் சாயக் கடைக்குப் போனேன். வெள்ளை கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை! டப்பாவையும் தூரிகையையும் இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு பின்குடிலுக்கு முன்னால் வைத்தேன். கதவைத் தட்டிவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கொரினா திறந்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உள்ளே அடிக்கலாம்” என்றேன். “சுவர், மூலை, எல்லாம். நீ கேட்டியே.”

குந்தி உட்கார்ந்து மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘சரி, பரவாயில்ல’ வரும் என்று காத்திருந்தேன்.

“வேண்டாம்” என்றாள்.

“என்ன?”

“இந்த வெள்ளை வேண்டாம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.” எழுந்து நின்றாள். தலையைத் தூக்கி என் தலைக்கு மேலே தொங்கிய பழத்தைக் காட்டினாள். “அந்த மஞ்சள் வேணும்.”

மஞ்சள்! 1911-ஆம் வருஷத்து ஃபர் பலகைக்கு எலுமிச்சம்பழ மஞ்சள்! சத்தியமாகக் கோபம் வந்தது. காதுவரை ஏறியது. கட்டுப் பிரித்த வலது கை தானாக மேலே கிளம்பியது. அதைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் செருகினேன். அவள் என் கை பைக்குள் போவதைப் பார்த்தாள். உள்ளே ஓடவில்லை. கதவையும் சாத்தவில்லை.

“சரி, பரவாயில்ல” என்றேன், நான்.

மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்துப் பையில் போட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “திறந்துட்டீங்களே மேடம். வெள்ளை உங்களுக்குப் பிடிக்கலையா?”

“எனக்கு இல்லப்பா” என்றேன். “வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கல.”